எரிந்த வீடா, வற்றிய கிணறா: பிரெஞ்சுக்குப் போகும் உளவியல் சொற்கள்

ஆங்கில உளவியல் கட்டுரையில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று வந்தால், பிரெஞ்சில் எழுதுபவர் முதலில் கேட்க வேண்டியது, படிக்கப்போகிறவர் பாரிஸ்காரரா, மொன்றியால்காரரா என்பதை. பிரான்ஸில் பெரும்பாலும் ‘ப்ளேன் கோன்சியான்ஸ்’, அதாவது முழு நனவு. கியூபெக்கில் அதோடு ‘ப்ரெசான்ஸ் அத்தான்தீவ்’ என்பதும் புழங்குகிறது. கவனத்தோடு இங்கேயே இருத்தல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

முதல் சொல்லில் ஒரு வில்லங்கம் உண்டு. நமக்கு நனவு வேறு, மனச்சாட்சி வேறு. பிரெஞ்சில் இரண்டுக்கும் ‘கோன்சியான்ஸ்’ ஒன்றுதான். செய்த தப்பு மனதை உறுத்தினால் ‘கெட்ட கோன்சியான்ஸ்’ இருக்கிறது என்பார்கள். ஆகவே பழக்கமில்லாத காதுக்கு ‘ப்ளேன் கோன்சியான்ஸ்’ கொஞ்சம் ஒழுக்கப் பாடமாகவும் கேட்கும். ‘ப்ரெசான்ஸ் அத்தான்தீவ்’ அந்தச் சுமை இல்லாத சொல். 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவமனையில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்கு, பொருளளவில் இதுதான் நெருக்கம். ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ‘மான்ஜே ஆன் ப்ளேன் கோன்சியான்ஸ்’ (சாப்பாட்டில் மனம் வைத்துச் சாப்பிடுவது) என்று முதல் சொல் சரளமாக ஓடுகிறது. இரண்டாவது அப்படி வளைந்து கொடுப்பதில்லை. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். பிரான்ஸில் டெபாசிட் போய்விடும் என்று தெரிந்தேதான் போடுகிறேன்.

அடுத்தது ‘பர்ன்-அவுட்’. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1980-ல் வந்த புத்தகத்தில் அவர் காட்டிய படம், தீப்பிடித்து உள்ளே வெந்துபோன கட்டடம். வெளிச்சுவர் நிற்கும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. பிரெஞ்சின் சொந்தச் சொல் ‘எப்யுயிஸ்மான் ப்ரொஃபெசியொனெல்’, அதாவது தொழில்சார் களைப்பு. இதன் வேரில் இருப்பது நெருப்பல்ல, ‘ப்யுயி’, கிணறு. ‘எப்யுயிஸே’ என்றால் அடிமண் தெரியும்வரை இறைத்துவிடுவது. எனக்கு இந்தப் படம் ஆங்கிலத்தைவிடப் பொருத்தமாகப் படுகிறது. எரிந்த வீட்டை இடித்துக் கட்டத்தான் வேண்டும். வற்றிய கிணற்றை விட்டுவைத்தால் ஊறும்.

இருந்தும் பிரான்ஸில் தெருவில் ஜெயித்தது ‘பர்ன்-அவுட்’தான். அதற்குக் காரணம் ஆங்கில மோகம் மட்டுமல்ல. ‘எப்யுயிஸே’ என்பது ஞாயிற்றுக்கிழமை வீடு ஒதுக்கியவர்கூடச் சொல்லும் சாதாரணச் சொல். ‘எனக்கு அசதி’ என்று கேட்டால் எந்த மேலாளர் விடுப்பு கொடுப்பார்? வேற்றுமொழிச் சொல்லுக்கு நோயின் கனம் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மனச்சோர்வு வந்தவரைப் பற்றி ‘ஒரு தெப்ரெசியோன் செய்தாள்’ என்று பிரெஞ்சில் ஏற்கெனவே சொல்வார்கள். அதே அச்சில் ‘ஒரு பர்ன்-அவுட் செய்தாள்’ என்பதும் உட்கார்ந்துவிட்டது. அப்புறம், ‘ப்ரொஃபெசியொனெல்’ என்ற அடைமொழி வேலைக்குப் போகிறவர்களோடு நின்றுவிடுகிறது. குழந்தை வளர்ப்பில் நொந்துபோன பெற்றோரைப் பற்றி பெல்ஜியத்தின் லூவேனில் ஆய்வு செய்பவர்கள் ‘பர்ன்-அவுட் பரான்தால்’ என்றே எழுதுகிறார்கள். பிரான்ஸின் சுகாதார ஆணையம் ஓத் ஒத்தோரித்தே த சாந்தே, 2017-ல் மருத்துவர்களுக்கான பரிந்துரையில் இரண்டு பெயரையும் ‘அல்லது’ போட்டுத் தலைப்பிலேயே வைத்தது. அரசு அலுவலகத்துக்கு இது நல்ல சமரசம். நாவலில் அப்படி ‘அல்லது’ போட முடியாது.

‘கோப்பிங்’, அதாவது நெருக்கடியைச் சமாளிப்பது பற்றி ஓரிரு வரி போதும். ‘அதாப்தாசியோன்’ (தகவமைதல்) என்று எழுதினால் உளவியலாளர் பியாஜே ஞாபகம் வந்துவிடும். குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு அவர் அந்த இடத்தை எப்போதோ பிடித்துவிட்டார். ‘அஜுஸ்த்மான்’ (சரிசெய்துகொள்வது) பரவாயில்லை. பேச்சில் ‘ஃபேர் ஃபாஸ்’, முகம் கொடுப்பது. நான் அதைத்தான் எடுப்பேன்.

உண்மையில் கை நடுங்கும் இடம் ‘ஆங்ஸைட்டி’. மற்ற சொற்களுக்குப் பிரெஞ்சில் இடம் தேட வேண்டும். இதற்கு இரண்டு வீடு தயாராக இருக்கிறது, ‘அங்குவாஸ்’, ‘அன்ஸியெத்தே’. அங்குவாஸ் என்றால் நெஞ்சை அடைப்பது, தொண்டையை நெரிப்பது. லத்தீனில் குறுகலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அன்ஸியெத்தே தலைக்குள் ஓடும் கவலை. ஃப்ராய்டின் ஜெர்மன் சொல் ‘ஆங்ஸ்ட்’டை ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி ஆங்கிலத்தில் ஆங்ஸைட்டி ஆக்கினார், பிரெஞ்சுக்காரர்கள் அங்குவாஸ் என்றார்கள். அமெரிக்க மனநோய்க் கையேடு பிரெஞ்சுக்குப் போனபோது அதே ஆங்ஸைட்டி, அன்ஸியெத்தே ஆனது.

விளைவு என்ன? தாய் கதவைத் தாண்டியதும் அழும் குழந்தையிடம், உளப்பகுப்பாய்வாளர் பார்ப்பது ‘அங்குவாஸ் த செபராசியோன்’, கையேட்டை வைத்துக் கணிப்பவர் எழுதுவது ‘அன்ஸியெத்தே த செபராசியோன்’. ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ‘செப்பரேஷன் ஆங்ஸைட்டி’. மொழிபெயர்ப்பவர் எதை எடுத்தாலும் ஒரு கட்சியில் சேர்ந்தாயிற்று. அதனால் நான் சொல்லைத் தொடும் முன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஆசிரியர் யாரையெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று பார்த்துவிடுவேன். ஃப்ராய்டும் வின்னிகாட்டும் போன்ற உளப்பகுப்பாய்வாளர்கள் இருந்தால் அங்குவாஸ். கேள்விப்பட்டியல், மதிப்பெண் அட்டவணை என்று போனால் அன்ஸியெத்தே. இரண்டும் கலந்து கிடந்தால், சரி, ஆசிரியருக்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட வேண்டியதுதான்.