பாஸ்போர்ட் எங்கே இருக்கலாம்: இடுப்பிலா, தோளிலா, லாக்கரிலா?

ஐரோப்பா போகிறவர்களுக்கு முதல் பயம் பிக்பாக்கெட்தான். பார்சிலோனாவின் லா ராம்ப்ளா வீதி, ரோமில் 64-ஆம் எண் பஸ், பாரிஸ் மெட்ரோவின் முதல் லைன் என்று பேர்போன இடங்களை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கத்தியைக் காட்டி மிரட்டுவது அங்கே குறைவு, கை பட்டதே தெரியாமல் உருவுவதுதான் அதிகம். ஆகவே பொருளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. சட்டைக்குள் கட்டும் மணி பெல்ட், குறுக்கே மாட்டும் ஸ்லிங் பேக், ஹோட்டல் லாக்கர் என்று மூன்று வழிகள். ஸ்பெயினும் இத்தாலியும் போனபோது நானும் மனைவியும் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தோம். நான் மணி பெல்ட் கட்சி.

ஸ்லிங் பேக்கின் வசதியைச் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் தொங்கவிட்டு ஜிப் மேல் கை வைத்துக்கொண்டால் ஓரளவு பாதுகாப்புதான். ஆனால் போனுக்கும் டிக்கெட்டுக்கும் நாள் முழுக்க அதைத் திறந்து மூடுகிறோம். பொருள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு நாமே காட்டிக்கொடுக்கிறோம். பார்சிலோனாவின் சாக்ரடா ஃபமிலியா தேவாலயக் கோபுரத்தைப் படமெடுக்கக் கையைத் தூக்கினால் ஜிப் அநாதை.

சரி, திருடுபோனால் என்ன ஆகும்? இதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். பணம் போனால் வலி, அவ்வளவுதான். கார்டு போனால் வங்கி ஆப்பில் உடனே முடக்கிவிடலாம். இந்திய பாஸ்போர்ட் போனால் அந்தப் பயணமே முடிந்த மாதிரி. ஸ்பெயினில் என்றால் முதலில் போலீசில் புகார் எழுதி வாங்க வேண்டும், அப்புறம் இந்தியத் தூதரகத்துக்கு ஓட வேண்டும். அவசரத்துக்குக் கிடைக்கும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் ஊர் திரும்ப மட்டும்தான் உதவும். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போக முடியாது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஸ்டிக்கரும் பாஸ்போர்ட்டோடு போய்விடும். அதே புத்தகத்தில் பத்து வருட அமெரிக்க விசா இருந்தால் அதற்கும் மறுபடி விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. நம் பாஸ்போர்ட்டின் மதிப்பே அதில் ஒட்டியிருக்கும் விசாக்களில்தானே இருக்கிறது! ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோவுக்கான பயண இன்ஷூரன்ஸில் கட்டாயமாக இருக்க வேண்டியது மருத்துவச் செலவும் அவசரமாக ஊருக்கு அனுப்பும் செலவும்தான். பாஸ்போர்ட் தொலைவதும் அதில் சேருமா என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பாஸ்போர்ட்டுக்கு ஏற்ற இடம், ஒரு நாளில் மிகக் குறைவாகத் திறக்கும் இடம். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் தத்துவம்தான் மணி பெல்ட்டும். என்னுடையதில் பாஸ்போர்ட், ஒரு மாற்று கார்டு, சில 50 யூரோ நோட்டுகள், வேறு எதுவும் இல்லை. அன்றைய செலவுக்கான பணமும் இன்னொரு கார்டும் பேன்ட் முன்பாக்கெட்டில். பெல்ட்டைத் தெருவில் திறக்கவே கூடாது. டாக்ஸி கூலிக்காகச் சட்டையைத் தூக்கினால் அதைக் கட்டிய பலனே போய்விடும். தேவைப்பட்டால் கழிவறைக்குள் போய் எடுக்க வேண்டும். வெயிலில் வியர்த்து ஊறும் என்பது உண்மை, பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும்.

லாக்கரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே ஊரில் மூன்று நான்கு இரவு தங்கினால் அதுவே சுகம், வியர்வையும் இல்லை. ஆனால் திருட்டு அதிகம் நடக்கிற ரயில் நிலையத்திலும் விமான நிலைய ரயிலிலும் பாஸ்போர்ட் நம் கையில்தான் இருக்கும், அங்கே லாக்கர் உதவாது. அவசரமாக அறையைக் காலி செய்யும்போது உள்ளேயே மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. இத்தாலியில் வெளிநாட்டவரிடம் போலீஸ் அசல் ஆவணத்தைக் கேட்கலாம், போனில் இருக்கும் போட்டோவை ஏற்றுக்கொள்வார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. போலி போலீஸ் தொல்லையும் உண்டு என்பதால், நடுத்தெருவில் பர்ஸைக் காட்டச் சொன்னால் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல்வது நல்லது.

இதெல்லாம் பேன்ட் சட்டைக்காரனின் அனுபவம். சுடிதாருக்குள் மணி பெல்ட் கட்டுவது தொல்லை என்று மனைவி இரண்டாம் நாளே கழற்றிவிட்டார். அவர் பாஸ்போர்ட்டும் என் பெல்ட்டுக்கே வந்து சேர்ந்தது. இரண்டு புத்தகம் சேர்ந்தால் வயிறு கொஞ்சம் புடைத்துத்தான் தெரிகிறது. தனியாகப் போகும் பெண்கள் துணிக்குள் தொங்கவிடும் கழுத்துப் பை வாங்குகிறார்கள், அதை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை.