விண்டேஜ் ஸ்டோரியில் ஹெல்வ் ஹேமர்: ஒரு வருஷம் ஓட்டிய பிறகு

சோமனூர்ப் பக்கம் வளர்ந்தவன் நான். வீட்டுச் சுவரை ஒட்டித் தறிக்குடோன், ராத்திரி ஷிப்டு ஓடினால்தான் தூக்கமே வரும். அப்படிப்பட்ட எனக்கே, விண்டேஜ் ஸ்டோரி என்ற கணினி விளையாட்டில் காற்றாலை இழுத்து இரும்பு அடிக்கும் இந்தச் சம்மட்டியின், அதாவது ஹெல்வ் ஹேமரின், சத்தம் மூன்றாம் நாளில் எரிச்சலைக் கிளப்பிவிட்டது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

விளையாட்டில் இரும்புக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வலி தெரியும். ப்ளூமரி என்ற இரும்பு உலையிலிருந்து வருவது நேரான இரும்புக்கட்டி இல்லை, சிட்டம் (கசடு) அப்பிக்கொண்டிருக்கும் ஒரு உருண்டை, அதுதான் ப்ளூம். அதைக் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து, சிட்டத்தைத் துணுக்குத் துணுக்காகத் தட்டி எடுத்து, இரும்பை மட்டும் கட்டியாகச் சேர்க்க வேண்டும். தகடு அதைவிட மோசம். ஒரு கட்டி என்பது கல்லின் மேல் 42 சின்னக் கட்டங்கள், தகட்டுக்கு 81 வேண்டும், ஆக இரண்டு கட்டி போட்டு அந்த 81ஐயும் மவுஸைத் தட்டித் தட்டியே பரப்பணும். நாலு தகடு அடித்தால் ஆள்காட்டி விரல் மரத்துப்போகும்.

எங்கள் ஊர்ச் சந்தை ஓரத்தில் மம்பட்டி காய்ச்சி அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. ஆசாரி குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் காட்டுவார், எதிரில் நிற்கிற ஆள் அதே இடத்தில் சம்மட்டியைப் போடுவான். ஹெல்வ் ஹேமர் அந்தச் சம்மட்டி ஆள்தான், அவ்வளவுதான். ஆசாரி வேலையை எதிர்பார்க்கக் கூடாது. தகடு அடிக்கும், ப்ளூமைக் கட்டியாக்கும், பிளிஸ்டர் ஸ்டீலை (கரி ஏற்றிய இரும்பை) எஃகுக் கட்டியாக்கும், அதோடு சரி. கோடாலி, கத்தி எல்லாம் வழக்கம்போல நம் கையால்தான். கல்லில் சூடான இரும்பை வைப்பதும், தகடா என்று தேர்ந்தெடுப்பதும், ஆறிப்போனால் எடுத்துத் திரும்ப உலையில் போடுவதும் நாம்தான். எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கட்டுவது கஷ்டமா என்றால், ஹேமர் கஷ்டமில்லை. தலைக்கு உலோகம் வேண்டும், மற்றபடி மரச்சட்டம், தூக்கிவிடும் டாகிள், கொஞ்சம் அச்சுத்தண்டு, பல்சக்கரம். ஒரு கட்டம் தள்ளிக் கல்லை வைத்துவிட்டு, சம்மட்டி வெறும் காற்றை அடிப்பதைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது என் தப்பு. உண்மையான செலவு காற்றாலைப் பாயில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு நாலு பாய், முழுசாக விரிக்க ஐந்து சுற்று, ஆக இருபது. அத்தனையும் லினன், ஆளிச்செடி நாரில் நெய்கிற துணி. பாவும் ஊடையுமாகப் புழங்கிய வீட்டில் பிறந்துவிட்டு, துணிக்கு வழியில்லாமல் விளையாட்டில் ஆளி விதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதையும் முடித்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே, பள்ளத்தில், ஆலையை நிறுத்தினேன். நடக்க வசதி என்ற ஒரே காரணம். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாடிகள் வரிசையாக ஏன் நிற்கின்றன என்று எங்கள் ஊர்ச் சின்னப் பையனைக் கேட்டாலும் பாலக்காட்டுக் கணவாயைக் காட்டுவான். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்த விளையாட்டில் உயரம் கூடக்கூடக் காற்றும் கூடும். பள்ளத்தில் என்ன ஆனது என்றால், டாகிள் மெல்லத் தூக்கும், சம்மட்டி மேலே போய் யோசிக்கும், அப்புறம் டொக். கல்லில் இருந்த ப்ளூமில் நாலைந்து துணுக்குச் சிட்டம்தான் பாக்கி, அதற்குள் ஆரஞ்சு நிறம் சிவப்பாகி, சிவப்பு கருத்து, ஆறிப்போனது. அப்புறம் சம்மட்டி எத்தனை முறை விழுந்தாலும் ஒன்றும் நகரவில்லை. திரும்ப உலை, திரும்பக் கரி. கையால் அடித்திருந்தால் அந்த நேரத்தில் மூன்று முடித்திருப்பேன்.

எல்லாவற்றையும் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிலிருந்துதான் இது எனக்கு உபயோகமான சாமான். நல்ல காற்றில் ஒரு ப்ளூம் கல்லில் இருக்கும்போதே அடுத்ததை உலையில் காயவைத்துவிட்டுக் கரி அள்ளப் போகலாம். வேகத்தைவிடக் கை சும்மா இருப்பதுதான் லாபம். பெரிய பல்சக்கரம் போட்டால் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேகத்தையோ இழுவையையோ மாற்றிக்கொள்ளலாம். வேகம் பக்கம் திருப்பினால் இழுவை குறையும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பாதிப் பாயில் நின்ற ஆலையில் அதை வேகத்துக்குப் போட்டேன், சம்மட்டியைத் தூக்கவே திணறியது.

மேட்டிலும் ஒரு கோளாறு செய்தேன். அழகுக்கு என்று ஆலை அருகே மரக்கன்று நட்டேன். அது வளர்ந்து கிளை பாயைத் தொட்டது, ஒரு நாள் வந்து பார்த்தால் பாய் கழன்று தரையில் கிடக்கிறது. பாய் சுற்றுகிற இடத்தில் எதையும் விடாதீர்கள், செடி உட்பட.

எஃகுதான் இதற்கு உண்மையான வேலை. இரும்புக்கட்டியைக் கரியோடு கல்பெட்டியில் அடைத்து நாள்கணக்கில் சூடேற்றினால் பிளிஸ்டர் ஸ்டீல், அதை அடித்தால் எஃகு. சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசை (உலோகம் உருக்கும் மண்குப்பி) வைத்த உலையும் கிடைத்தன. அங்கே மூசை, இங்கே பெட்டி, முறை வேறு, ஆனால் இரும்பில் கரியை ஏற்றுகிற யோசனை ஒன்றேதான். அங்கே சுத்தியல் வீசியவர்கள் கையை நினைத்தால் நான் மவுஸ் வலியைப் பற்றிப் பேசவே கூடாது.

சத்தத்துக்கு வருகிறேன். விளையாட்டு வீட்டின் படுக்கை அறைக்கு நாலு கட்டம் தள்ளி ஹேமர் வைத்தவன் நான். ஸ்பீக்கரில் ராத்திரி பதினோரு மணிக்கு டொக், டொக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கதவைத் திறந்து, "ஏங் கண்ணு, தறியெல்லாம் நிறுத்தியாச்சே, உன்ற ரூம்ல எது ஓடுது?" என்றார். காட்டினேன். சம்மட்டி எழுந்து விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெல்ட்டு இல்லாம எப்படிடா இழுக்குது?" என்று கேட்டார். பழைய குடோனில் ஒரே மோட்டாரிலிருந்து நீளத் தண்டு வழியாகப் பெல்ட் போட்டு ஓட்டியதைச் சொன்னார், பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. மறுநாள் ட்ரான்ஸ்மிஷனும் க்ளட்ச்சும் வைத்தேன். வேலை இல்லாதபோது ஹேமர் மட்டும் நிற்கும், ஆலை தன்பாட்டுக்குச் சுற்றும்.

இப்போது அதே தண்டில் இரண்டாவது ஹேமரையும் மாட்டிவிட்டேன். காற்று குறைந்த நாளில் ஒன்றை ஒன்று இழுத்துப்பிடித்து இரண்டும் நொண்டுகின்றன, இன்னொரு ஆலை வேண்டும். அதற்குப் பாயில் எட்டு பாக்கி. ஆளி இன்னும் முழங்கால் உயரம்தான்.