லென்ஸுக்குத் தூரப் பட்டி அச்சிட்டுத் தந்த ஸ்ரிக்கர் கடை

யாழ்ப்பாண நகரத்தில், ஓட்டோக்களின் பின்கண்ணாடிக்குச் சாமிப் படமும் மோட்டார்சைக்கிள்களுக்குக் கோடும் எழுத்தும் வெட்டி ஒட்டிக் கொடுக்கும் சிறிய ஸ்ரிக்கர் கடை ஒன்றில், பழைய கமரா லென்ஸ் ஒன்றின் போக்கஸ் வளையத்தைச் சுற்றி ஒட்டுவதற்கான தூரப் பட்டியை அச்சிட்டுக்கொண்டேன். இரண்டு தடவை போக வேண்டியிருந்தது; முதற்பட்டி குப்பைக்குப் போனது, இரண்டாவது பட்டி நான்கு மாதமாகவும் பதினொரு கலியாணமாகவும் வளையத்தில் இருக்கிறது. கடையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டபோது, "வேண்டாம் தம்பி, பிறகு எல்லாரும் விரலளவுத் துண்டோட வந்து நிப்பினம்" என்று சிரித்தார். அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் இத்தகைய கடைகள் நகரில் பல இருப்பதால், இங்கே சொல்லப்படுபவை வேறு கடைக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

எங்களுடைய கலியாண வீடுகளில் காணொளி எடுப்பவர்கள் அறிந்த சிக்கல்தான் இந்த வேலைக்குக் காரணம். ஓமப்புகை எழும்பியதும் கமராவின் தானியங்கிப் போக்கஸ் புகையைப் பிடிப்பதா, மணமகளைப் பிடிப்பதா என்று தடுமாறத் தொடங்கும். திரையில் விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியும் புகைக்குள் மங்கிப்போகும். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தோடு உறவினர் அனைவரும் முன்னே தள்ளிக்கொண்டு வர, கமராவை மறுபடி சரிசெய்ய அவகாசம் கிடைக்காது. மணவறையில் இருந்து கமராவின் தூரத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, வளையத்தில் அந்தத் தூரத்துக்குத் திருப்பி நிறுத்துவதே அந்த நேரத்தில் நம்பக்கூடிய வழி. அதற்கு வளையத்தில் உள்ள எண்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். என் லென்ஸில் அவை சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மில்லிமீற்றர், ஒளி புகும் திறப்பு ஆகக் கூடியது எஃப் 2, போக்கஸ் ஆகும் மிகக் கிட்டிய தூரம் அரை மீற்றர். எம்42 எனப்படும் திருகு வகையைச் சேர்ந்த இந்த லென்ஸுக்குப் பிலிமில் இருந்து லென்ஸின் இருக்கை வரை 45.46 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். சோனி ஈ வகைக் கமராவில் அந்த இடைவெளி 18 மில்லிமீற்றர் மட்டுமே. எஞ்சிய 27.46 மில்லிமீற்றரை இடையில் போடும் அடாப்ரர்தான் நிரப்புகிறது. மலிவான அடாப்ரர்களை முடிவிலி (மிகத் தொலைவில் உள்ளவை துலக்கமாகும் நிலை) தவறிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்வது வழக்கம், என்னுடையதும் அப்படித்தான். பத்தில் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால், 58 மில்லிமீற்றர் லென்ஸில் வளையம் 4 மீற்றர் என்று காட்டும் இடத்தில் உண்மையில் தெளிவாக இருப்பது ஏறத்தாழ நாலரை மீற்றர். சிறிய சென்சர் கொண்ட கமராவில் எஃப் 2 திறப்பில் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்தே அரை மீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது எண்ணை நம்பித் திருப்பினால் மணமக்கள் மங்கலாகவும் பின்னால் நிற்கும் தோழன் துலக்கமாகவும் பதிவாவார்கள். இதற்குமேல் எண்கள் மீற்றரில் இருக்கின்றன. என்னோடு வேலைக்கு வரும் தம்பிமாருக்கு அடிக்கணக்கு மட்டுமே கண்ணில் நிற்கும்.

பட்டி ஒட்டலாம் என்ற யோசனை கனடாவில் இருக்கும் மச்சானிடம் இருந்து வந்தது. அங்கே அவர் உரிமம் பெற்ற மைதானத்தில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுகிறவர். துப்பாக்கித் தொலைநோக்கியின் மேல்திருகைச் சுற்றி, 100, 200, 300 என்று தூரங்களை எழுதிய பட்டியைத் தன் கையாலேயே செய்து ஒட்டியிருப்பதைக் காணொளி அழைப்பில் காட்டினார். தொழிற்சாலை அந்தத் திருகில் பொறிப்பது கோண அளவை மட்டுமே. எந்தத் தூரத்துக்கு எத்தனை சொடுக்கு என்பது தோட்டாவின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது என்பதால், தூரத்தை அவரவர் சுட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும், தோட்டாவை மாற்றினால் பட்டியையும் மாற்ற வேண்டும் என்றார். என் நிலைமையும் அச்சொட்டாக அதுவே. தோட்டாவுக்குப் பதில் அடாப்ரர், அவ்வளவுதான்.

அளவெடுப்பதை எந்தக் கடையும் உங்களுக்காகச் செய்யாது. வீட்டு விறாந்தையில் தச்சரின் அளவு நாடாவை விரித்து, கமராவின் மேற்பகுதியில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் பொறிக்கப்பட்டிருக்கும் சென்சர் குறியில் இருந்து 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20 அடி என்று நிலத்தில் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு குறியிலும் கதிரையொன்றை வைத்து அதன் முதுகில் பழைய நாளிதழைக் கட்டி, திறப்பை எஃப் 2 இல் விட்டு, திரையில் பெருப்பித்துப் பார்த்து எழுத்து கூராகும் இடத்தில் வளையத்தில் ஒட்டியிருந்த காகிதத் துண்டில் பென்சிலால் கோடிட்டேன். பழைய லென்ஸில் கிறீஸ் காய்ந்து மரை சற்று ஆடும் என்பதால் எப்போதும் ஒரே பக்கத்தில் இருந்து, அதாவது தூரத்தில் இருந்து கிட்டத்துக்கு, திருப்பிக்கொண்டு வர வேண்டும். இரு பக்கமும் மாறிமாறித் திருப்பினால் ஒரே தூரத்துக்கு இரண்டு கோடுகள் வந்துவிடும். ஒவ்வொரு தூரத்தையும் மூன்று தடவை எடுத்து நடுவானதை வைத்துக்கொண்டேன். ஒரு பிற்பகல் முழுவதும் போய்விட்டது.

குறிகளுக்கு இடையேயான தூரம் சமமாக இராது என்பதை முதன்முறை செய்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது நல்லது, இல்லையேல் அளவில் பிழைவிட்டதாக நினைத்துத் திருத்தப் பார்ப்பார்கள். லென்ஸ் முன்னே நகரும் அளவைக் கணக்கிட்டால், 3 அடிக்கும் 6 அடிக்கும் இடையில் அது 2.3 மில்லிமீற்றர் நகர்கிறது, 6 க்கும் 12 க்கும் இடையில் 1 மில்லிமீற்றர், 12 அடியில் இருந்து முடிவிலி வரை ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே நல்லூர்த் தேர்முட்டியில் இருந்து கோபுர உச்சி வரையான முழு உலகமும் பட்டியின் ஓரத்தில் ஒரு சிறு துண்டுக்குள் நெருங்கிக் கிடக்க, மணவறைத் தூரங்கள் தாராளமாக விரிந்திருக்கும். கலியாணக் கமராக்காரருக்கு இது வாய்த்த வசதி.

இனிக் கடை. அவர்களிடம் அகலமான வினைல் அச்சு இயந்திரமும், வெட்டும் இயந்திரமும், மேலே ஒளிபுகும் படலம் ஒட்டும் உருளையும் இருக்கின்றன. வேலை நுணுக்கமாகவும் நிறம் கருமையாகவும் வருகிறது. இரண்டு மில்லிமீற்றர் உயர எண்கள்கூடப் பிசிறில்லாமல் விழுந்தன. ஆனால் அவர்களுடைய வழமையான வேலையில் அளவு என்பது கண்ணளவு. ஓட்டோக் கண்ணாடியில் முருகன் இரண்டு சென்ரிமீற்றர் சிறுத்தால் எவரும் கேட்கப்போவதில்லை. நானோ முதல்நாள் பட்டியை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதோடு, அது எத்தனை மில்லிமீற்றர் என்ற செய்தியும் கூடவே வருவதில்லை. கடைப்பொடியன் அதை கோரல்ட்ரோ என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, நான் சொன்ன நீளத்துக்கு மூலையைப் பிடித்து இழுத்துப் பொருத்தினார். வீட்டுக்கு வந்து, பட்டிக்குக் கீழே நான் வரைந்திருந்த 100 மில்லிமீற்றர் சோதனைக் கோட்டை அளந்தால் அது 97 ஆக இருந்தது. என் வளையத்தின் சுற்றளவு 181 மில்லிமீற்றர். பட்டி ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் கட்டையாகி, இரு முனைகளுக்கும் இடையில் பல் விழுந்த இடம்போல் ஓட்டை தெரிந்தது. முடிவிலியைச் சரியாகப் பொருத்தி ஒட்டிப் பார்த்தபோது 6 அடிக் குறியில் நிறுத்தினால் துலக்கம் 6 அடிக்கு ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் பின்னால் விழுந்தது. அந்தத் தூரத்தில் அது கண்ணை விட்டுவிட்டுக் காதோரத்துப் பூவைத் துலக்கமாக்கப் போதும்.

இந்தத் தவறில் பாதிக்கு மேல் என்னுடையது என்பதால் கடைமீது குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டாம் தடவை பீடிஎஃப் கோப்பாகப் பென்ட்ரைவில் கொண்டுபோனேன். அச்சிடும் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை எடுத்துவிட்டு நூறு வீதம் என்று வைக்கும்படி கேட்டு, முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துச் சோதனைக் கோட்டை அங்கேயே அளந்தேன். 100. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் அடிமட்டத்தை வாங்கித் தானும் ஒரு முறை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு நாளும் உதைப் பார்த்ததில்லை" என்றார். அதன்பிறகுதான் வினைலில் போட்டார்கள். தாளில் இடம் எஞ்சியதால் அதே பட்டியை ஆறு தடவை அடுக்கி வைத்திருந்தேன். ஒட்டும்போது பழுதாகும் என்று எண்ணியிருந்தது வீண்போகவில்லை.

வெட்டுவதற்கு அவர்களுடைய இயந்திரத்தைக் கேட்க வேண்டாம். "இவ்வளவு சின்னதுக்கு மெசின் போடேலாது, கத்தி இழுத்துக்கொண்டு போயிடும்" என்று அவர்களே சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஏழு மில்லிமீற்றர் அகலப் பட்டியை வீட்டில் இரும்பு அடிமட்டம் வைத்துப் புதிய அலகுக் கத்தியால் வெட்டினேன். மினுங்கும் படலமா, மங்கல் படலமா என்று கேட்டபோது மங்கலைத் தெரிந்தேன். மண்டபத்து மின்விளக்கின் கீழ் மினுங்கும் படலத்தில் எண்களுக்குப் பதில் விளக்கே தெரியும். கறுப்பில் வெள்ளை எழுத்து அழகு என்று அதிலும் ஒன்று போட்டுப் பார்த்தேன், மை பரவி 8 இன் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபட்டுப்போயின. வெள்ளையில் கறுப்பே சிறந்தது.

ஒட்டும் வேலையில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. வினைல் இழுத்தால் நீளும், ஆகவே இறுக்கி இழுத்து ஒட்டக்கூடாது; முடிவிலிக் குறியை முதலில் பொருத்திவிட்டு, இளக்கமாகச் சுற்றிக்கொண்டுபோய்ப் பிறகு விரலால் அழுத்த வேண்டும். பழைய காகிதப் பட்டிக்கு மேலேயே புதியதை ஒட்டுவோம் என்ற சோம்பேறித்தனமும் உதவாது. அடியில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு இருந்தாலே சுற்றளவு அரை மில்லிமீற்றருக்கு மேல் கூடிவிடும். பழைய பசையைத் துணியில் தொட்ட ஒரு துளி தேங்காய் எண்ணெயால் எடுத்து, எண்ணெய் போகத் துடைத்துவிட்டு ஒட்டினேன். எண்ணெய் வளையத்தின் மரைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை: ஏ4 அளவு வினைல் தாளுக்குப் படலத்தோடு 450 ரூபா வாங்கினார்கள், வீணான முதற்தாளுக்கும் அதே தொகை. சோதனைப் பிரதிக்குக் காசு கேட்கவில்லை. காத்திருந்தது ஒரு மணித்தியாலம். கோவில் கொடியேற்றக் காலத்தில் போயிருந்தால் பதாகை வேலைகளுக்குப் பின்னால் இரண்டு நாள் நின்றிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கடைக்குப் போகாமல் வீட்டு அச்சுப்பொறியில் சாதாரணத் தாளில் எடுத்து மேலே ஒட்டுநாடா போடுவதும் ஒரு வழிதான், அளவு சரிபார்க்கும்வரை அதுவே போதும். ஆனால் வியர்த்த கையோடு நாள் முழுவதும் திருப்பும் வளையத்தில் அது இரண்டு கலியாணத்துக்கு மேல் தாங்கவில்லை. ஓரத்தால் ஈரம் இறங்கி மை நீலமாகக் கசிந்தது.

வினைல் பட்டியில் மை இன்னும் கசியவில்லை, 6 அடிக் குறி தேயவும் இல்லை. வெயிலில் நிறுத்திய வானுக்குள் லென்ஸ் பெட்டி கிடந்த ஒரு நாளுக்குப் பிறகு, இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூலை கிளம்பி அதன்கீழ் தூசி ஒட்டியிருக்கிறது. அந்த இணைப்பை நான் கைபடும் பக்கத்தில் விட்டது பிழை. வளையம் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை என்பதால் எண்களே இல்லாத பகுதி ஒன்று அடிப்பக்கம் இருக்கிறது. எஞ்சியுள்ள பட்டிகளில் ஒன்றை எடுத்து, இணைப்பு அங்கே வரும்படி மூலைகளை வட்டமாக வெட்டி அடுத்த கிழமை மாற்றி ஒட்டப்போகிறேன்.