மூன்று ஆண்டுகள் ஃபிட்னஸ் பேண்ட் கட்டி நடந்ததில் நான் திருத்திக்கொண்டவை

2022 ஜனவரியில் 2,499 ரூபாய்க்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினேன். மூன்று ஆண்டுகளைத் தாண்டியும் இடது மணிக்கட்டில் அதேதான் இருக்கிறது. வார் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. தொடக்கத்தில் ஒருமுறை சார்ஜ் போட்டால் பன்னிரண்டு நாள் ஓடியது, இப்போது ஐந்து நாள் ஓடுகிறது. வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் வானளாவப் புகழ்ந்திருப்பேன். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் யாரும் வாங்காதீர்கள் என்றிருப்பேன். இரண்டுமே தவறாகப் போயிருக்கும்.

வாங்கியதற்கு ஒரு கோலம்தான் காரணம். அதற்கு முந்தைய மாதம், மார்கழியில், வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டு முடித்து எழுந்தபோது முட்டி ஒத்துழைக்கவில்லை. வலது கையைத் தரையில் ஊன்றித்தான் எழ முடிந்தது. ஊன்றிய இடத்தில் ஐந்து விரலும் பதிந்து இரண்டு இழை அழிந்துவிட்டது. அப்போது எனக்கு 45 வயது. என் அம்மா அறுபதைத் தாண்டியும் கை ஊன்றாமல் எழுந்தவர். அடுத்த மார்கழிக்குள் நானும் அப்படி எழ வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என் இலக்கு அவ்வளவுதான். ஆனால் பேண்டைக் கட்டிய நாளிலேயே அது பின்னுக்குப் போய், திரையில் தெரிந்த, நாளுக்கு 10,000 காலடி என்ற எண் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலை ஐந்தரைக்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடப்பேன். குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். என் நடைக்கு 1,800 அடி ஆகும். பத்தாயிரத்தைத் தொட ஐந்தரைச் சுற்று வேண்டும். எட்டரைக்குள் பள்ளிக்குப் போக வேண்டிய கணக்கு ஆசிரியைக்கு அது முடிகிற காரியம் இல்லை. மிச்சத்தை இரவில் மொட்டைமாடியில் நடந்து தீர்த்தேன். 9,400-இல் நின்றுவிட்டால் படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக் நடந்ததற்கு அடுத்த ஆண்டு, 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். ஆய்வு செய்து கண்டுபிடித்த அளவு அல்ல அது, சரக்குக்கு வைத்த பெயர். 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் மேற்கொண்டு கூடவில்லை. அவர்கள் என்னைவிட மூத்தவர்கள், அந்த எண்ணை அப்படியே எனக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் 9,400 அடி நடந்த ஒரு நாளைத் தோல்வி என்று எண்ணிப் படுத்த இரவுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஜூலையில் வலது முட்டி வீங்கியது. ஆறு வாரம் நடையை நிறுத்தினேன். நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள், நானும் நம்பினேன். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: தேய்மானம் பெரிதாக இல்லை, தொடைத் தசைதான் பலவீனமாக இருக்கிறது, திடீரென்று நடையைக் கூட்டியதில் பாரமெல்லாம் முட்டிக்குப் போயிருக்கிறது. அதற்கு அவர் சொன்ன பயிற்சி இது: கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். பத்து முறை, மூன்று தடவை. முதல் நாள் ஆறாவது முறையிலேயே தொடை நடுங்கியது. (இது என் முட்டிக்குச் சொன்ன வைத்தியம். வீக்கமோ வலியோ இருப்பவர்கள் முதலில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.)

இங்கேதான் பேண்டின் குறை எனக்கு முழுதாகத் தெரிந்தது. என் உடம்புக்கு அதிகம் தேவைப்பட்டது அந்த முப்பது முறை எழுந்து உட்காருவது. பேண்ட் அதை ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டது. நாற்காலிக்குப் பிறகு, பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டித் தூக்கத் தொடங்கினேன். பெண்கள் பாரம் தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல முறுக்கேறிவிடும் என்று ஆசிரியர் அறையில் எச்சரித்தார்கள். தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவு, அப்படியெல்லாம் எளிதில் ஆகிவிடாது. முப்பதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் நாங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்றிருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பேண்ட் எதை எண்ணுகிறது, எதை விடுகிறது என்று சோதித்தும் பார்த்தேன். கையை வீசி மனதுக்குள் எண்ணி 500 அடி நடந்தேன், 487 காட்டியது. அதே தூரம், இடது கையில் காய்கறிக் கட்டைப்பையோடு நடந்தேன், 310. அனுப்பானடிப் பக்கம் குண்டும் குழியுமான தெருவில் ஸ்கூட்டரில் போய்வந்தால் நூற்றுச் சொச்சம் அடி இலவசமாகச் சேர்ந்தது. ஆக, நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். கலோரி எண்ணை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். மூன்று சுற்றுக்கு 310 கலோரி என்று காட்டும். என் எடைக்கும் வேகத்துக்கும் கணக்குப் போட்டால் 180-ஐ ஒட்டித்தான் வரும். 2017-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் இதுபோன்ற ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை இதயத் துடிப்பை ஓரளவு சரியாகச் சொன்னன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. அந்த 310-ஐ நம்பித்தான் பல மாதம் நடை முடிந்ததும் வெல்லமும் தேங்காயும் போட்ட பருத்திப்பால் ஒரு டம்ளர் குடித்தேன். இன்றும் குடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிடித்திருக்கிறது என்பதற்காக.

வியர்வை பெல்ட்டைப் பற்றி இரண்டு வரி போதும். நாத்தனார் கொடுத்ததை ஒரு மாதம் இடுப்பில் கட்டி நடந்தேன். நடந்து முடிந்ததும் 800 கிராம் குறைந்திருக்கும், மாலைக்குள் குடித்த தண்ணீரில் அத்தனையும் திரும்பி வந்திருக்கும். போனது தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் இதே வகைதான். டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் 1971-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மட்டை பிடித்த கையிலும் தோலடிக் கொழுப்பு மற்றக் கையில் இருந்த அளவுதான்.

விட்டுப்போகிற நாட்களை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தை மாதம் தெப்பத் திருவிழா வந்தால் குளத்தைச் சுற்றி நடக்க இடமிருக்காது. தேர்வுத்தாள் திருத்தும் வாரங்கள் வரும். மாமனார் மருத்துவமனையில் இருந்த பதினொரு நாளும் நான் நடக்கவே இல்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று பேண்ட் காட்டியதும், இனி எதற்கு என்று தோன்றி மேலும் மூன்று வாரம் போனது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நம்பியிருந்ததால், எனக்கு மன உறுதி இல்லை என்றே எண்ணிக்கொண்டேன். லண்டனில் 96 பேரைக் கவனித்த ஆய்வில் ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. இதைப் படித்த அன்றே தொடர்ச்சி காட்டும் அறிவிப்பை நிறுத்திவிட்டேன், இலக்கை 7,000-க்கு இறக்கினேன். திங்கள், வியாழன் இரண்டு நாளும் நாற்காலிப் பயிற்சி. அதற்குச் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் பென்சில் டிக். அந்த டிக்குகள்தான் என்னை விடாமல் தொடர வைத்தன என்று சொல்வேன்.

எடை 71 கிலோவிலிருந்து 67.5. இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 87. தெற்காசியப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள், இன்னும் தூரம் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதத்திலிருந்து 5.6.

முதல் மார்கழியில் முடியவில்லை. 2023 மார்கழியில், ஒரு கையில் கோலமாவுக் கிண்ணமும் மறு கையில் செம்மண் டப்பாவும் இருக்க, எழுந்து நின்ற பிறகுதான் கை ஊன்றவில்லை என்பதே உறைத்தது. மறுபடி உட்கார்ந்து இன்னொரு முறை எழுந்து பார்த்தேன்.

இப்போது வாரில் மீண்டும் விரிசல். சித்திரை வெயிலில் வியர்வை தங்கி அரிப்பு வருவதால் இந்தத் தடவை துணி வார் சொல்லியிருக்கிறேன், 199 ரூபாய். புதிய பேண்ட் வாங்கும் எண்ணம் இல்லை.