சலாலா விமான நிலையம்: பதினோரு ஆண்டுகள் போய் வந்தவனின் குறிப்பு

2013 ஜூலையில் ஓமான் தலைநகர் மஸ்கட்டில் விமானம் மாறி ஏறியபோது வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, அந்நாட்டின் தெற்கில் உள்ள சலாலாவில் கதவு திறந்தால் தூறல். படிக்கட்டில் இறங்கி, ஈரத் தரையில் நடந்தே பழைய முனையத்துக்குள் போனோம். பாலைவன நாட்டுக்கு வேலைக்கு வந்தவன், குடை எடுத்து வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு பெட்டிக்காகக் காத்து நின்றேன்.

அது கரீஃப் காலம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பருவக்காற்று தோஃபார் மலைகளில் மோதி, ஊரையே மூடுபனியில் போர்த்திவிடும். வெயில் தாங்காத வளைகுடாக் குடும்பங்கள் அப்போதுதான் இங்கே படையெடுக்கும்.

இப்போதுள்ள முனையம் 2015இல் திறந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளுக்கென்று கட்டியது. ஓடுபாதை 4 கிலோமீட்டர். கரீஃப் முடிந்த பிறகு இரவு விமானத்துக்குப் போய்ப் பாருங்கள்: பெரிய கல்யாண மண்டபத்தில் பத்துப் பேரோடு நிச்சயதார்த்தம் நடப்பது போல இருக்கும். வாசலில் இறங்கிப் பதினைந்து நிமிடத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியிருக்கிறேன். எனக்கு இந்த நிலையத்தைப் பிடித்ததற்கு முதல் காரணம் இந்த அமைதிதான். கழிப்பறைகளும் எப்போது போனாலும் சுத்தம்.

குறை என்றால் வழித்தடங்கள். கட்டடம் பெரிது, போகிற ஊர்கள் கொஞ்சம். நான் போய் வந்த காலத்தில் மலையாளிகளுக்குக் கொச்சி, கோழிக்கோடு இருந்தன. நாகர்கோவில்காரனான நான் நேராகத் தமிழ்நாட்டுக்கு ஒருமுறைகூடப் பறந்ததில்லை. கொச்சியில் இறங்கி, ஆலுவாவில் ரயில் பிடித்து வீடு சேர்வதற்குள் வானத்தில் கழித்ததைவிட அதிக நேரம் தண்டவாளத்தில் போய்விடும். மஸ்கட் வழியாகச் சென்னை போகலாம். அங்கிருந்து என் வீடு இன்னும் ஓர் இரவுப் பயணம்.

மூடுபனிக்கும் ஒரு விலை உண்டு. ஓர் ஆகஸ்ட் இரவில் எங்கள் விமானம் சலாலாவுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மஸ்கட்டுக்கே திரும்பியது. வானிலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியும்வரை ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு எங்களை உட்காரவைத்த விமான நிறுவனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்றே பஸ்ஸில் கிளம்பியிருக்கலாம் என்று ஒருவர் புலம்பினார். சாலை வழி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், பெரும்பகுதி வெறும் மணல்வெளி. அதற்குப் பிஸ்கட்டே மேல். அதிலிருந்து கரீஃப் மாதங்களில், மறுநாள் காலை வேலையில் சேர வேண்டும் என்றால் முந்தின இரவு விமானத்தை நம்புவதில்லை.

உள்ளே தேநீரின் விலை ஊர்க் கடையில் குடிக்கும் கரக் சாயாவைப் போல் பல மடங்கு. வெளியிலேயே குடித்துவிட்டுப் போங்கள். டாக்சியில் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். ஆரம்பத்தில் இது தெரியாமல் நான் கொடுத்த ரியால்கள் கொஞ்சமல்ல.

இங்கே லுபான் என்றால் நம் பக்கத்துக் குந்திரிக்கம், சாம்பிராணி போலப் புகைக்கும் வாசனைப் பிசின். அம்மாவுக்கு ஒவ்வொரு விடுப்பிலும் அரைக் கிலோ போக வேண்டும். முனையத்துக் கடையில் அழகான டப்பாவில் கிடைக்கிறது, டப்பாவுக்கும் சேர்த்துத்தான் விலை. ஹாஃபா சந்தையில் வாங்கிப் பெட்டியில் வைப்பதே என் வழக்கம். இரட்டைப் பையில் கட்டுங்கள். முதல் தடவை நான் ஒற்றைப் பையில் கட்டியதில், அந்த விடுப்பு முழுவதும் என் சட்டைகள் கோவில் திருவிழா போல மணந்துகொண்டிருந்தன.