ஜிப்ஸிக்குப் புதுக் கண்ணாடியா, பழைய கண்ணாடியா?

மாருதி ஜிப்ஸியின் முன்கண்ணாடி விரிசல் விட்டால் இரண்டு வழி: புதிதாக வாங்குவது, இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுவது. 1985-இல் வந்த வண்டி. தயாரிப்பு நின்றும் வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் பலர் பழையதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

பழையதில் விலை குறைவு, அவ்வளவுதான். வைப்பர் தேய்த்த கோடுகள் சும்மா பார்த்தால் தெரியாது. இரவில் எதிரே ஹெட்லைட் வந்தால் கண்ணாடி முழுக்க வெளிச்சம் சிதறும். லேமினேட் கண்ணாடி (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது) என்பதால் ஓரங்களில் ஈரம் புகுந்து வெள்ளை படர்ந்திருக்கலாம். கழற்றும்போது விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால், மேடு பள்ளத்தில் ஃபிரேம் முறுக்கும்போது அது விரிசலாக ஓடிவிடும். காட்டுப்பாதையில் போகும் வண்டிக்கு இது பெரிய விஷயம்.

புதியதில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2553 குறியைப் பாருங்கள். முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேமில் பிடிக்கும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங், புதிதாக இருக்கட்டும். ஃபிரேமில் துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகுதான் கண்ணாடி. துரு மேடு அழுத்தினால் புதுசும் உடையும். அப்புறம் பீடிங் பள்ளத்தில் கயிறு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளிருந்து இழுத்துப் பொருத்துவார்கள்.

என் ஓட்டு புதியதற்குத்தான். பழையதே போதும் என்றால் வெயிலில் சாய்த்துப் பிடித்து, கோடும் விளிம்பும் பார்த்து வாங்குங்கள்.