ஒகேனக்கல் குழாயா, அம்பாந்தோட்டைத் துறைமுகமா?

வெளிநாட்டுக் கடன் வாங்கிக் கட்டிய இந்த இரண்டில் எந்தக் கடன் மேல் என்பதுதான் கேள்வி. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். அடுத்த தலைமுறைக்காவது அது வேண்டாம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. அதற்கான பணம் 2008-ல் கையெழுத்தான ஜப்பான் கடன். 2013-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. குறைந்த வட்டி, நீண்ட தவணை. யென் மதிப்பு ஏறினால் சுமையும் ஏறும், அதை மறைக்க முடியாது.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி தந்த முதல் கட்டக் கடனுக்கு வட்டி 6.3 சதவீதம். எதிர்பார்த்த அளவு கப்பல் வரவில்லை. 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. கிடைத்த சுமார் 112 கோடி டாலர் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் அப்படியே நின்றது.

ஜப்பானும் ஆசியாவில் தன் செல்வாக்கைப் பார்த்துத்தான் கடன் தருகிறது. ஆனாலும் என் ஓட்டு ஒகேனக்கல் கடனுக்கே. அதன் பலன் வீட்டுக் குடத்துக்கு வருகிறது.